மென்பொருட் கட்டமைப்பும் மரப்பட்டைக் கணக்கும்

‘நிலைபேறு’ என்னும் சொல் இப்போது எல்லார் வாயிலும் புழங்குகின்றது. வங்கியார் நிலைபேறு பேசுகின்றனர். செம்பனை எண்ணெய் விற்போர் நிலைபேறு பேசுகின்றனர். அண்மைக் காலமாகக் கணினிக்கு மென்பொருள் செய்வோரும் அதே சொல்லைக் கையில் எடுத்துள்ளனர். ஒரு சொல் இத்தனை பேருக்கும் ஒருங்கே உதவுமாயின், அஃது எவருக்கும் தொல்லை தராத சொல்லாகத் தேய்ந்துவிட்டதோ என்று ஐயுறுவதில் தவறில்லை. மென்பொருள் துறையைப் பொறுத்தவரை இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள நல்லதொரு வாய்ப்பு வந்துள்ளது. அத்துறையினர் வாய்ச்சொல்லோடு நில்லாமல், ஓர் அளவுகோலையே செய்து அனைத்துலகத் தரமாக வெளியிட்டிருக்கின்றனர். ‘மென்பொருட் கரிச்செறிவு’ என்று தமிழில் அதனை வழங்கலாம். கிரீன் சாப்ட்வேர் பவுண்டேஷன் என்னும் அமைப்பு வகுத்த இவ்வளவுகோல், ஐ.எஸ்.ஓ. நிறுவனத்தால் 2024ஆம் ஆண்டில் 21031 என்னும் எண்ணுடன் ஏற்கப்பட்டது. அதனை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பேராக்கிலிருந்து அதனை நோக்குவதற்குக் காரணம் உண்டு. அது போகப் போக விளங்கும்.

முதலில் மென்பொருட் கட்டமைப்பு என்பது யாது என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். வீடு கட்டும்போது சுவருக்கு எந்த வண்ணம் என்பதைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். தூண் எங்கே, வாசல் எந்தத் திசை என்பவற்றை எளிதில் மாற்ற இயலாது. மென்பொருளிலும் அவ்வாறே. நிரலின் ஒரு வரியை நாளை திருத்தலாம். ஆனால் தரவுகளை எந்த நாட்டில் வைப்பது, ஒரே கணினியில் இயக்குவதா பத்துக் கணினிகளில் பிரித்து இயக்குவதா, பழைய கைப்பேசிகளுக்கும் இடங்கொடுப்பதா என்பன போன்ற முடிவுகள் தூண்களை ஒத்தவை. இவற்றை முடிவு செய்வோரே கட்டமைப்பாளர். அவர்கள் நாள்தோறும் செலவு, வேகம், பாதுகாப்பு, இடையறாமை ஆகியவற்றை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்த்துப் பேரம் பேசுகின்றனர். அந்தத் தராசில் நிலைபேறு ஏறுவதில்லை. மென்பொருளின் தரத்துக்குரிய பண்புகளை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 25010 என்னும் தரத்தின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒன்பது பண்புகள் எண்ணப்பட்டுள்ளன. நிலைபேறு அவற்றுள் ஒன்றன்று. பட்டியலில் இல்லாததற்காக எவரும் வாதாடுவதில்லை. பின்னர் ஆண்டறிக்கையில் பசுமையான படங்களுடன் அதற்கு ஓர் அதிகாரம் ஒதுக்கப்படுகின்றது.

இனிப் புதிய அளவுகோலைக் காண்போம். அது சொல்லும் கணக்கு எளியது. மென்பொருள் இயங்கச் செலவாகும் மின்சாரத்தை, அந்த மின்சாரத்தின் ஒரு யூனிட்டை உண்டாக்குகையில் வெளிப்படும் கரியமில வாயுவின் அளவால் பெருக்க வேண்டும். இயக்கும் கருவியைச் செய்யும்போதே வெளிப்பட்ட கரியமில வாயுவில் இந்த மென்பொருளுக்குரிய பங்கை அதனோடு கூட்ட வேண்டும். வந்த தொகையை ஏதேனும் ஓர் அலகால் வகுக்க வேண்டும். அலகு ஒரு பயனராக இருக்கலாம், ஒரு கோரிக்கையாக இருக்கலாம், ஒரு கருவியாகவும் இருக்கலாம். அவ்வளவே.

இதில் இரண்டு செய்திகளை மனமாரப் பாராட்ட வேண்டும். எங்கோ மரம் நட்டோம், ஆகவே இங்கே உண்டான புகை கழிந்தது என்னும் ஈட்டுக் கணக்கை இத்தரம் ஏற்பதில்லை. உண்மையில் குறைத்தால்தான் எண் குறையும். மற்றொன்று, கருவி இயங்கும் இடத்து மின்சாரத்தையே இது கணக்கில் எடுக்கின்றது. சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு ‘எம் மின்சாரம் முழுவதும் சூரியனுடையது’ என்று சொல்லிக்கொள்வாருக்கு இங்கே இடமில்லை. பசுமை பற்றிய பேச்சுக்களில் இத்தகைய நேர்மை அருமையானது.

அளவுகோல் நேர்மையானது; அதனை அன்றாடத் தொழிலுக்குள் கொண்டுவருவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோலகங்சாருக்குச் சென்றால் போதும். 1877இல் அங்கே நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் எஞ்சிய ஒரு முதிய மரம் இன்றும் நிற்கின்றது. மரத்தைக் கொணர்ந்த பெருமை ஒருபுறமிருக்க, அதன் பாலை எவ்வாறு எடுப்பது என்பதே பெரிய சிக்கலாயிருந்தது. அமேசான் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். கொத்து மரத்தின் உட்பகுதி வரை இறங்கிற்று. காயம் ஆறி முண்டும் முடிச்சுமாகிப் பின்னர் வெட்ட இடமின்றிப் போயிற்று. சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநராயிருந்த ரிட்லி 1890களில் வேறு வழி கண்டார். பட்டையைக் கொத்தாமல், முன் வெட்டின் விளிம்பிலேயே மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். உள்ளிருக்கும் வளர்படலத்தைத் தொடலாகாது. சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். தோட்டங்கள் நூறாண்டுக்கு மேல் நின்றது இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் என்றால் மிகையாகாது.

எம் கருத்துக்கு வேண்டியது இக்கண்டுபிடிப்பு அன்றாடக் கணக்காக மாறிய விதம். ஒரு சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு என்று கொள்வோம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், மழைநாள் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 160 வெட்டு. ஆகவே ஓராண்டில் செலவாகும் பட்டை 240 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தில் நாலடிக்குச் சற்று மேற்பட்ட பட்டை ஐந்து ஆண்டுக்கு மேல் வரும்; மறுபக்கமும் அவ்வாறே. பத்தாண்டு கழித்து முதற் பக்கத்துக்குத் திரும்பும்போது, அங்கே புதுப்பட்டை முதிர்ந்து காத்திருக்கும். அது முதிர ஏழெட்டு ஆண்டு வேண்டும். இப்போது கை சற்றே கனத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீவல் இரண்டு மில்லிமீட்டர். கண்ணுக்குப் புலப்படாத அரை மில்லிமீட்டர்தான் கூடிற்று. ஆண்டுச் செலவு 320 ஆகின்றது. ஒரு பக்கம் நான்காண்டு கூட வாராது. எட்டு ஆண்டு நிறையுமுன்னே இரு பக்கமும் தீர்ந்து, இளம்பட்டையில் உளியை வைக்க வேண்டியதாகின்றது. பால் அன்றைக்குக் குறைந்ததா? இல்லை. அதனால்தான் பால் நிறுக்கும் இடத்தில் இந்தக் கேடு தெரியவே தெரியாது. மரத்தில்தான் தெரியும். ஆகையால்தான் மரத்தின் மேலேயே இவ்வளவு காலத்துக்கு இவ்வளவு பட்டை என்று குறியிட்டு வைத்தார்கள். காயம் பட்டிருக்கிறதா என்று நிரை நிரையாகச் சென்று பார்த்தார்கள். விடியுமுன் தலைவிளக்கோடு நிரையில் இறங்கிய பெண், நிலைபேறு என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டாள். ஆயினும் அது அவள் மணிக்கட்டில் இருந்தது.

மென்பொருளில் பால் நிறுக்கும் இடங்கள் பல உள்ளன: எத்தனை பயனர், எத்தனை நொடியில் விடை, மாதக் கட்டணம் எவ்வளவு என்பன. பட்டையில் குறியிடும் வழக்கம் இல்லை. புதிய அளவுகோல் அந்தக் குறியாகப் பயன்படக்கூடும் என்பதே அதன் சிறப்பு.

எடுத்துக்காட்டாக, ஈப்போவில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் 20,000 உறுப்பினர்க்காகக் கைப்பேசிச் செயலி ஒன்று செய்விக்கின்றது என்று கற்பித்துக்கொள்வோம். கட்டமைப்பாளர் முன் முதல் வினா: வழங்கிக் கணினிகளை எங்கே வைப்பது? சில ஆண்டுகளுக்கு முன் இவ்வினாவுக்குச் சிங்கப்பூர் என்பதே இயல்பான விடை. இன்று நம் நாட்டிலேயே வைக்கலாம். அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் தன் மேகக் கணிமை வட்டாரத்தைத் திறந்தது, பிறரும் தொடர்ந்தனர். உள்நாட்டில் வைப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. தரவு நம் சட்டத்துக்குட்பட்டு இருக்கும், செலவும் குறையலாம். ஆனால் அளவுகோலை வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர் மின்சாரம் பெரும்பாலும் எரிவாயுவால் ஆவது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.4 கிலோகிராம் கரியமில வாயு. தீபகற்ப மலேசியாவில் அது முக்கால் கிலோவை ஒட்டி நிற்கின்றது. ஆண்டுக்கு 10,000 யூனிட் கொள்ளும் ஒரு மென்பொருள் அங்கே 4 டன் என்றால், இங்கே ஏழரை டன். நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. இடத்தை மாற்றியதால் மட்டும் கணக்கு இரட்டிக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றது.

ஏன் இந்த வேறுபாடு என்று கேட்பவர்கள் மஞ்சோங் கடற்கரையில் நின்று பார்த்தால் தெரியும். கடலைத் தூர்த்து உண்டாக்கிய திட்டில் எழுந்துள்ள சுல்தான் அஸ்லான் ஷா மின்நிலையம் 4,100 மெகாவாட் திறனுடையது. அங்கே எரிவது கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி. இதே பேராக்கில் 1930இல் செண்டரோ அணை கட்டப்பட்டபோது, கிந்தாவின் ஈயலம்பங்களுக்கு ஆற்று நீரே மின்சாரம் தந்தது. இன்று மேகம் என்று பெயர் சூட்டப்பட்ட கணிமைக்குக் கரி தீனியாகின்றது. பெயர் வைப்பதில் நம் காலத்தவரை மிஞ்ச முடியாது.

சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்து, 2022இல் கடுமையான நிபந்தனைகளோடு மீண்டும் தொடங்கிற்று. நிலமும் மின்சாரமும் போதவில்லை என்பதே காரணம். அங்கே இடம் பெறாதவை பாலத்தைக் கடந்து ஜொகூருக்கு வந்தன. சிங்கப்பூரின் கணக்கு ஓரளவு தூய்மையாயிற்று. உலகத்தின் கணக்கு அவ்வாறாகவில்லை. இந்த இடமாற்றத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஆற்றல் புதிய அளவுகோலுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அன்றாடம் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் இளைஞர் முன் திரையில் தெரிவது விலைப்பட்டியல் ஒன்றே. அந்த எண் அதன் பக்கத்தில் தெரியாதவரை, தரம் நூலகத்தில்தான் இருக்கும்.

மற்ற வினாக்களை விரைந்து பார்க்கலாம். ஆண்டில் எட்டே முக்கால் மணி நேரம் மட்டும் நிற்கலாம் என்பதற்கும், 53 நிமிடம் மட்டுமே நிற்கலாம் என்பதற்கும் இடையே, வெறுமனே விழித்துக் காத்திருக்கும் கணினிகளின் எண்ணிக்கை ஏறுகின்றது. கடன் சங்கத்துக்கு நள்ளிரவு மூன்று மணிக்கு யார் வருவார்? சோதனைக்கென அமர்த்திய கணினிகள் சனி ஞாயிறுகளிலும் ஓடிக்கொண்டிருப்பது எங்கும் காணும் காட்சி. ஆன் கரி முதலிய மூவர் எழுதி 2024இல் வெளிவந்த ‘பில்டிங் கிரீன் சாப்ட்வேர்’ என்னும் நூல், நிரலை நுணுக்கி எழுதுவதற்கு முன் இத்தகைய இயக்கச் சிக்கனத்தையே செய்க என்று அறிவுறுத்துகின்றது. நல்ல அறிவுரை. ஓடாத விளக்கை அணைப்பதற்கு மேதைமை வேண்டா.

தமிழ் எழுத்தைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை. யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுக் கொள்கின்றது, ஆங்கிலத்துக்கு ஒன்றே போதும், ஆகவே தமிழ் கனமானது என்று சிலர் குறைகூறுவதுண்டு. இக்கட்டுரை முழுவதும் சேர்ந்தாலும் நூறு கிலோபைட்டை எட்டுவது அரிது. அதன் தலையில் வைக்கப்படும் ஓர் ஒளிப்படம் அதைப்போல் இருபது மடங்கு இருக்கும். கனம் மொழியில் இல்லை. 2005இல் முத்து நெடுமாறன் செல்லினத்தைத் தந்தபோது, அக்காலத்துச் சிறு கைப்பேசிகளின் இத்துணூண்டு நினைவகத்துக்குள் தமிழ்க் குறுஞ்செய்தி அடங்கிற்று. சிக்கனம் அன்று தேவையின் பிள்ளையாக இருந்தது. கருவி பெருத்தபின் நாம் அதனை மறந்தோம். கருவி வேகமாகும் விரைவினும் மென்பொருள் மந்தமாகும் விரைவு மிகுதி என்று நிக்கிளாஸ் விர்த் 1995இலேயே எழுதிவிட்டார்.

இனி எம் மறுப்புக்கு வருவோம். இத்தரத்தின் மெலிந்த இடம், இறுதியில் வரும் அந்த வகுத்தல்.

எந்த அலகால் வகுப்பது என்பதைக் கணக்கிடுபவர் விருப்பத்துக்கே தரம் விட்டிருக்கின்றது. மேற்சொன்ன சங்கத்தின் செயலி, ‘புதிய செய்தி உண்டா’ என்று முப்பது நொடிக்கு ஒருமுறை வழங்கியைக் கேட்டுக்கொண்டே இருக்குமாறு கட்டப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு கைப்பேசி நாளுக்கு 2,880 முறை கேட்கும். 20,000 கைப்பேசிகள் 5 கோடியே 76 இலட்சம் முறை கேட்கும். பெரும்பாலும் விடை ‘இல்லை’ என்பதே. இது வீண் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘ஒரு கோரிக்கை’ என்பதை அலகாகக் கொண்டு வகுத்துப் பாருங்கள்! கணினி சும்மா விழித்திருக்கும் செலவும் அதன் உடலில் அடங்கிய கரியும் 5 கோடியே 76 இலட்சத்தால் வகுபட்டுத் துரும்பாகிவிடும். வீண் கேள்விகளை நிறுத்தி, செய்தி வரும்போது மட்டும் அறிவிக்குமாறு கட்டமைப்பைத் திருத்தினால், மொத்தச் செலவு குறையும். ஆனால் ஒரு கோரிக்கைக்கான எண் ஏறிவிடும். திருத்தியவர் குற்றவாளியாகவும் வீணாக்கியவர் சிக்கனக்காரராகவும் தோன்றும் கணக்கு இது. ‘ஓர் உறுப்பினருக்கு ஒரு மாதம்’ என்று அலகு வைத்திருந்தால் இந்தக் கோணல் வந்திராது.

அலகை நேர்மையாகவே தேர்ந்தாலும் மற்றொரு கேடு எஞ்சி நிற்கும். வீதம் குறையும்போது மொத்தம் குறையுமா? கிந்தாப் பள்ளத்தாக்கு இவ்வினாவுக்கு விடை சொல்லியிருக்கின்றது. பத்து காஜாவில் 1912-13இல் முதல் ஈயக் கப்பல் இயங்கத் தொடங்கிற்று. குறைந்த ஆளையும் குறைந்த செலவையும் கொண்டு ஒரு கன கெஜம் மண்ணைப் புரட்டும் வல்லமை அதற்கு இருந்தது. சிக்கனம் வந்ததால் தோண்டல் சுருங்கிற்றா? மாறாக, முன்னே தோண்டக் கட்டுப்படியாகாது என்று விடப்பட்ட வளம் குன்றிய மண்ணும் கட்டுப்படியாயிற்று. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப்பொருளாக நிற்கும் ஐந்தாம் எண் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. ஒரு கன கெஜத்துக்குரிய கணக்கில் அது சிறந்த இயந்திரமே. பள்ளத்தாக்கின் கணக்கு வேறு. அது நூற்றுக்கணக்கான குளங்களாகத் தேங்கிக் கிடக்கின்றது. நிலக்கரியைப் பற்றி ஜெவன்ஸ் 1865இல் எழுதிய நூலின் மையக் கருத்தும் இதுவே: சிக்கனமாக எரிக்கக் கற்றால் எரிப்பது மிகும்.

தரவு மையங்களும் இவ்வழியே செல்கின்றன. அனைத்துலக எரிசக்தி முகவையின் மதிப்பீட்டின்படி 2024இல் அவை உலகெங்கும் 415 டெராவாட் மணி மின்சாரம் கொண்டன. அஃது உலக மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. 2030இல் அது 945ஐ எட்டும் என்பது அம்முகவையின் கணிப்பு. கணினிகள் ஆண்டுதோறும் சிக்கனமாகிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் இந்த இரட்டிப்பு. வீதத்தை மட்டும் சொல்லி மொத்தத்தைச் சொல்லாத அளவுகோல், இத்தகைய காலத்துக்குப் போதுமானதன்று. ஓர் அலகுக்கான எண்ணை வேண்டுவோர், ஒரு தொழில் வளரும்போது மொத்தத்தைக் காட்டினால் வளர்ச்சியே குற்றமாகிவிடும் என்பர். அதில் நியாயம் இல்லாமலில்லை. பத்து உறுப்பினர் சங்கத்தையும் பதினாயிரம் உறுப்பினர் சங்கத்தையும் ஒப்பிட வீதம் வேண்டும்தான். ஆனால் ஒப்பிடுவதற்கு ஒரு கணக்கு, அடக்குவதற்கு ஒரு கணக்கு என இரண்டும் ஒரே தாளில் இருப்பதால் எவருக்கு என்ன நட்டம்?

கருவியுள் அடங்கிய கரியைச் சேர்த்தது இத்தரத்தின் நற்செயல் என்றோம். அதனைச் சற்று விரித்துரைப்பது பேராக்கியர்க்குப் பொருந்தும். உலகில் கிடைக்கும் ஈயத்தில் ஏறக்குறையப் பாதி பற்றவைப்புக்கே போகின்றது. 2006இல் ஐரோப்பியர் மின்னணுக் கருவிகளில் நச்சுக் காரீயத்தை விலக்கிய பிறகு, பற்றவைப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு நம் வெள்ளீயமாகவே உள்ளது. ஒவ்வொரு கணினிப் பலகையிலும் எங்கேயோ ஒரு பள்ளத்தாக்கு தோண்டப்பட்டிருக்கின்றது. கிந்தாவின் காலம் 1985 அக்டோபரில் ஈய விலை சரிந்தபோது முடிந்தது. இன்று அதே குளங்களின் கரையில், ஸ்ரீ இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும் கணினி கற்பிக்கின்றன. தோட்டத்து லயங்களில் பிறந்தோரின் பேரப்பிள்ளைகள் பலர் அங்கே பயில்கின்றனர். கருவியை ஈராண்டு கூடுதலாக உழைக்கவைப்பதும் ஒரு கட்டமைப்பு முடிவே என்று அவர்களுக்குச் சொல்லப்படுகின்றதா?

ஏனெனில் நல்ல நிலையிலுள்ள கருவியை மென்பொருளே கொன்றுவிடுகின்றது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நிறுத்தப்பட்டது. அடுத்த பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகள், விசையும் திரையும் பழுதில்லாமலே பழம்பொருளாயின. பாதுகாப்பு வேண்டும் என்பதில் மாறுபாடில்லை. ஆயினும் அந்த முடிவின் கரிக் கணக்கு எந்த மென்பொருளின் பெயரில் எழுதப்படும்? தரத்தின்படி ஒவ்வொரு மென்பொருளும் தான் ஓடும் கருவியில் தன் பங்கை மட்டும் எழுதிக்கொள்ளும். ஓட மறுத்து ஒதுக்கிய கருவியின் பங்கை எழுத அதில் ஏடு இல்லை. வெட்டிய பட்டைக்குக் கணக்கு உண்டு, வெட்டாமலே சாய்த்த மரத்துக்குக் கணக்கில்லை என்பது போன்ற குறை இது.

கணக்கின் எல்லையை யார் வரைவது என்னும் வினா இங்கேதான் எழுகின்றது. தோட்டத்துக் கணக்கைப் புகழ்ந்தோம். அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிடில் நேர்மையாகாது. பட்டையின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் குறி இருந்தது. பால்வெட்டியவளின் முதுகுக்குக் குறி இல்லை. மரம் முப்பதாண்டு நிற்க வேண்டும் என்று திட்டமிட்ட நிர்வாகம், காண்டா வாளி சுமந்தவர் முப்பதாண்டு கழித்து எங்கே குடியிருப்பார் என்று திட்டமிடவில்லை. வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போயிற்று. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்க முற்பட்டது, கணக்கிலிருந்து விடப்பட்டவர்கள் தாமே கணக்கேட்டைக் கையில் எடுத்த நிகழ்ச்சி. அளவுக்குள் வந்தது காக்கப்பட்டது. அளவுக்கு வெளியே நின்றவர் கைவிடப்பட்டனர். மரம் நன்றாக இருந்தது என்பது இதற்கு மறுமொழியாகாது.

புதிய தரம் கரியை மட்டும் அளக்கின்றது. கணினிகளைக் குளிர்விக்கும் தண்ணீர் அதில் இல்லை. ஜொகூரில் தரவு மையங்கள் பெருகியதோடு தண்ணீரைப் பற்றிய கவலையும் பெருகியிருக்கும் வேளையில் இது சிறு குறையன்று. பக்கத்துக் கம்பத்தின் குழாயில் அழுத்தம் குறைந்தாலும் ‘கரிச்செறிவு’ இம்மியும் மாறாது. எல்லாவற்றையும் ஓர் எண்ணுக்குள் அடைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு அடைத்தால் எண் பொருளற்றுப் போகும். ஆனால் எவை விடப்பட்டன என்று அந்த எண்ணின் அருகிலேயே எழுதும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கட்டமைப்பாளரிடையே நல்ல வழக்கம் ஒன்று உண்டு. பெரிய முடிவு எதனை எடுத்தாலும், ஏன் எடுத்தோம், வேறு எவற்றை எண்ணிப் பார்த்தோம், விளைவு என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி நிரலோடு சேர்த்து வைப்பர். மைக்கேல் நைகார்டு 2011இல் எழுதிய குறிப்புக்குப் பின் இது பரவிற்று. ஆண்டறிக்கையைக் காட்டிலும் இந்த ஒற்றைப் பக்கமே நிலைபேறு அமர வேண்டிய இடம் என்பது எம் துணிபு. மரத்தில் இட்ட குறியைப் போல், வெட்டும் கை அதனைத்தான் அன்றாடம் காணும். கரிச்செறிவு எண் இம்முடிவால் ஏறுமா இறங்குமா. மொத்தச் செலவு ஆண்டுக்கு எவ்வளவு. எந்தக் கருவிகள் இதனால் ஒதுக்கப்படும் என்று மூன்று வரி எழுதுவதற்குப் பத்து நிமிடம் போதும். துல்லியமான எண் கிடைக்காத இடத்தில் மதிப்பீடு எழுதட்டும். தோட்டத்திலும் பட்டையை நுண்பெருக்கி வைத்து அளக்கவில்லை.

சிறு நிறுவனத்தார் இதற்கெல்லாம் நேரமில்லை என்பர். பெருநிறுவனத்தின் மேகத்தில் வாடகைக்கு இருக்கும் நமக்கு மின்சார எண் எவ்வாறு கிடைக்கும் என்றும் கேட்பர். பின்னது நியாயமான கேள்வி. மேக வணிகர் தரும் கரிக் கணக்குகள் பல, சான்றிதழ்களைக் கழித்த பின்னரே வருகின்றன. இத்தரம் கேட்பதோ கழிக்காத கணக்கு. இந்த முரணைத் தரத்தை வகுத்தோர் நன்கு அறிவர். ஏனெனில் அவ்வமைப்பின் உறுப்பினர்களில் மேக வணிகரும் உள்ளனர். தம் சொந்த அளவுகோலுக்கு வேண்டிய எண்ணைத் தம் வாடிக்கையாளருக்குத் தாராளமாகக் கொடுப்பதே அவர்களுக்குரிய முதல் தேர்வு.

ஐ.எஸ்.ஓ. தரங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளாய்வுக்கு வருவன. 21031 வெளிவந்தது 2024இல். ஆகவே 2029இல் அதன் முறை வரும். வீதத்தோடு மொத்தத்தையும் வெளியிடுக, கோரிக்கை எண்ணிக்கையை அலகாகக் கொள்வதை விலக்குக, ஒதுக்கிய கருவிக்கு ஓர் ஏடு திறக்க, கணக்கில் சேராதவற்றைப் பெயர் சொல்லி எழுதுக என்னும் நான்கு திருத்தங்களை அப்போது வற்புறுத்த வேண்டும். அதுவரை காத்திராமல், கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கந்தாரிலும் இறுதியாண்டுத் திட்டம் எழுதும் மாணவர், தம் மென்பொருளின் விடை நேரத்தைக் குறிக்கும் அட்டவணையில் மேலும் இரண்டு பத்திகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: ஓராண்டு ஓடினால் மொத்தம் எத்தனை யூனிட், எத்தனை ஆண்டுப் பழைய கருவி வரை இது ஓடும். ஆசிரியர் மதிப்பெண் தரும் தாளிலும் அவ்விரண்டுக்கும் இடம் ஒதுக்கினால், பணிக்குச் செல்லும் முதல் நாளிலேயே அவ்வினாக்களைக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கும்.